கெல்சி மிட்செலின் தங்கமும் ராயல் வங்கியின் பணமும்: வாங்கலாமா, கூடாதா?

மில்டன்வாசி:
கனடாவின் ஒலிம்பிக் வீரர்களுக்கு ராயல் வங்கி (ஆர்பிசி) கொடுக்கும் ஸ்பான்சர் பணமெல்லாம் வெறும் முகப்பூச்சு என்று பனிமலை வேறொரு இழையில் எழுதியிருந்தார். அவருக்கு நான் ஒரே ஒரு பெயரைச் சொல்கிறேன்: கெல்சி மிட்செல்.

ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் கால்பந்து ஆடிக்கொண்டிருந்த பெண். 2017இல் இந்த வங்கி நடத்தும் 'டிரெயினிங் கிரவுண்ட்' தேர்வுக்குப் போனார். ஓடச் சொல்வார்கள், குதிக்கச் சொல்வார்கள், வலிமையையும் மூச்சையும் அளப்பார்கள். 14 முதல் 25 வயது வரை யாரும் போகலாம், கட்டணம் கிடையாது. அவருடைய கால் பலத்தைப் பார்த்துவிட்டு சைக்கிள் சங்கம் கூப்பிட்டுக்கொண்டது. பிரேக்கே இல்லாத டிராக் சைக்கிளில் அதற்கு முன் அவர் ஏறியதுகூட இல்லை. 2019இல் பொலிவியாவில் 200 மீட்டர் உலக சாதனை, 10.154 வினாடி. 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக்கில் சைக்கிள் ஸ்பிரின்ட் (குறுந்தூரப் பந்தயம்) தங்கம். வங்கி அந்தத் தேர்வை நடத்தாமல் இருந்திருந்தால் அவர் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டார்.

பனிமலை:
கெல்சியின் உழைப்பைப் பற்றி எனக்கு ஒரு வார்த்தை குறை இல்லை. கேள்வி வங்கியைப் பற்றியது. 2022இல் உலகிலேயே நிலக்கரி, எண்ணெய், எரிவாயு நிறுவனங்களுக்கு அதிகம் நிதி திரட்டித் தந்த வங்கி இதுதான் என்று சுற்றுச்சூழல் அமைப்புகளின் அறிக்கை சொன்னது. 4,200 கோடி அமெரிக்க டாலருக்கு மேல். பிரிட்டிஷ் கொலம்பியாவில் வெட்ஸுவெட்டன் பூர்வகுடி மக்களின் பரம்பரைத் தலைவர்கள் எதிர்த்து நின்ற கோஸ்டல் கேஸ்லிங்க் எரிவாயுக் குழாய்க்கும் கடன் கொடுத்தது.

இப்போது 2010 வான்கூவர் குளிர்கால ஒலிம்பிக்கை நினைத்துப் பாருங்கள். பனிச்சறுக்குப் போட்டி நடந்த சைப்ரஸ் மலையில் பனி இல்லை. வைக்கோல் கட்டுகளை அடுக்கி, அதன் மேல் லாரியிலும் ஹெலிகாப்டரிலும் கொண்டுவந்த பனியைக் கொட்டித்தான் தடம் போட்டார்கள். அதே தடத்தில்தான் அலெக்ஸாண்டர் பிலோடோ மோகல்ஸில் (மேடுபள்ளப் பனிச்சறுக்கு) தங்கம் வாங்கினார், சொந்த மண்ணில் நடந்த ஒலிம்பிக்கில் கனடாவின் முதல் தங்கம். அந்த விளையாட்டுகளின் சுடர் ஓட்டத்துக்கு ஸ்பான்சர் யார்? கோகோ கோலாவும் இதே ராயல் வங்கியும். பனியைக் கரைக்கிற தொழிலுக்குக் கடன் ஒரு கையில், பனி விளையாட்டுக்கு நன்கொடை இன்னொரு கையில்!

கோடம்பாக்கம் குமார்:
வங்கி மூடிவிட்டால் பனி திரும்பி வந்துவிடுமா சார்?

பனிமலை:
@குமார், மூடச் சொல்லவில்லை. வீரர்களின் மார்பில் ஏறி விளம்பரம் செய்யாதே என்கிறேன்.

மார்க்கம் அம்மா:
நீங்கள் இருவரும் கொள்கை பேசுகிறீர்கள். நான் பில் கட்டுகிறவள். என் மகள் நீச்சல் கிளப்பில் இருக்கிறாள். போட்டிக்குப் போடுகிற நீச்சலுடை ஒன்றே பல நூறு டாலர், சில போட்டிகளிலேயே தொய்ந்துபோகும். கிளப் கட்டணம், வெளியூர்ப் போட்டிக்கு ஹோட்டல் எல்லாம் தனி.

சரி, வளர்ந்து நாட்டுக்காக ஆடினால்? முழு உதவித்தொகை பெறுகிற வீரருக்கு அரசு மாதம் 2,175 டாலர் தருகிறது. 2024க்கு முன்பு அது 1,765. டொராண்டோவில் வீட்டு வாடகைக்கே சரியாகிவிடும். ஒலிம்பிக் தங்கத்துக்கு 20,000 டாலர் என்கிறார்கள், அதுவும் ஜெயித்தால்தான். ஓட்டக்காரர் ஆந்த்ரே டி கிராஸ் மாதிரி பூமா கம்பெனி தேடிவந்து கோடிக்கணக்கில் ஒப்பந்தம் போடுவது நூற்றில் ஒருவருக்கு. மற்றவர்களுக்கு வங்கிப் பணம் வேண்டாமென்றால், யார் தருவார்கள் என்று சொல்லுங்கள் பனிமலை.

பனிமலை:
அரசு தர வேண்டும், அம்மா. சும்மா சொல்லவில்லை, நடந்த கதைதான். ஒரு காலத்தில் கனடாவின் மோட்டார் பந்தயம் சிகரெட் பணத்தில்தான் ஓடியது. 1995இல் கனடாவின் ஜாக் வில்நெவ் அமெரிக்காவின் பெரிய கார் பந்தயமான இண்டியானாபோலிஸ் 500 ஜெயித்தது பிளேயர்ஸ் சிகரெட்டின் நீலம், வெள்ளைக் காரில். புகையிலை போனால் விளையாட்டே செத்துவிடும் என்று அப்போதும் பயமுறுத்தினார்கள். 2003இல் புகையிலை ஸ்பான்சரைத் தடை செய்தார்கள். மாண்ட்ரியாலில் ஃபார்முலா 1 இன்றும் நடக்கிறது.

மில்டன்வாசி:
ஃபார்முலா 1 பணக்கார விளையாட்டு, அதற்கு அடுத்த ஸ்பான்சர் வரிசையில் நிற்பான். படகுவலிப்புக்கும் டிராக் சைக்கிளுக்கும் யார் நிற்கிறார்? இங்கே மில்டனில் சைக்கிள் பந்தயத்துக்கு 250 மீட்டர் மரத்தடம் இருக்கிறது, 2015 பான் அமெரிக்கன் போட்டிக்காகக் கட்டியது. பயிற்சிப் பந்தயங்களுக்குப் போயிருக்கிறேன். இருக்கைகளில் பெற்றோரும் பயிற்சியாளர்களும் மட்டும்தான். ராயல் வங்கி 1947இலிருந்து ஒலிம்பிக் குழுவோடு இருக்கிறது, எண்ணெய் பற்றி யாரும் கேள்வி கேட்காத காலத்திலிருந்தே. இதை முகப்பூச்சு என்று தள்ளிவிட முடியாது.

பனிமலை:
பழைய உறவு என்பதால் கேள்வி கேட்கக் கூடாதா? என் கவலையே வேறு. 2002இலிருந்து இந்த வங்கி ஒலிம்பிக் வீரர்களைத் தூதர்களாகச் சம்பளத்துக்கு வைக்கிறது. பயிற்சி நேரத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் வேலை தருகிறது, நல்ல விஷயம்தான். ஆனால் அதில் இருக்கிற ஒரு பனிச்சறுக்கு வீரர் நாளைக்குக் குழாயைப் பற்றி வாய் திறப்பாரா? சோறு போடுகிறவனை எதிர்த்துப் பேச இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு எத்தனை தைரியம் வேண்டும்!

மார்க்கம் அம்மா:
இது நியாயமான கேள்வி. வங்கி மேல் கோபப்படுவதை விட, "பொது விஷயங்களில் வீரர் தன் கருத்தைச் சொல்லத் தடையில்லை" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லி ஒலிம்பிக் குழுவைக் கேட்கலாமே. அதுவரை மகளை அந்தத் தேர்வுக்கு அனுப்பத்தான் போகிறேன், திட்டுகிறவர்கள் திட்டலாம்.

பனிமலை:
அனுப்புங்கள், தடுக்க மாட்டேன். கையெழுத்துப் போடுகிற நாள் வந்தால் மட்டும் காகிதத்தை முதலில் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

கோடம்பாக்கம் குமார்:
வழக்கறிஞர் ஃபீஸுக்கு யார் ஸ்பான்சர்?