புதுப்பிப்பு: ஜெர்மனியில் முதுகலைப் பொறியியல் – தேர்வும் பணமும்

இயந்திரப் பொறியியல் முதுகலைக்கு மியூனிக், ஸ்டுட்கார்ட், ஆகன் ஆகிய மூன்றில் எதைத் தேர்வது, பெங்களூரில் அல்சூர் வாடகை வீட்டில் இருக்கும் எங்கள் குடும்பம் அதற்கு எப்படிப் பணம் திரட்டுவது என்று சென்ற ஆண்டு கேட்டிருந்தேன். ஆகனைத் தேர்ந்தெடுத்துவிட்டேன், வழிகாட்டிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் முதுகலை மாணவர்களிடம் 2024 குளிர்காலப் பருவம் முதல் பருவத்துக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை கட்டணம் பெறுகிறது. ஸ்டுட்கார்ட் இருக்கும் மாநிலத்திலோ 2017 முதல் பருவத்துக்கு 1,500 யூரோ. ஆகனில் ஜெர்மன் வழியில் படிப்பவர் பருவப் பங்களிப்பை (மாணவர் சேவைகளுக்கான சிறு கட்டணம்) மட்டும் செலுத்தினால் போதும் என்பதால், இந்திராநகர் கோதே நிறுவனத்தில் மொழி கற்ற உழைப்பு இன்று பெரும்பணத்தை மிச்சப்படுத்தியிருக்கிறது.

விசாவுக்காக, ஓராண்டுச் செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டுவைக்கும் முடக்கக் கணக்கில் 11,904 யூரோ காட்ட வேண்டும். அங்கே சென்றபின் மாதம் 992 யூரோவே எடுக்கலாம். பொதுத்துறை வங்கிகள் பொதுவாக ஏழரை லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கடனுக்குச் சொத்துப் பிணையம் கேட்பதால், அப்பாவின் கிருஷ்ணகிரி நிலத்தை அடகு வைக்க மனமின்றி, கடனை அந்த வரம்புக்குள் நிறுத்தி, மீதியைச் சம்பளச் சேமிப்பிலிருந்து எடுத்தேன். வங்கிக் கல்விக் கடனிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்பும் தொகைக்கு, வங்கி முன்கூட்டியே வசூலிக்கும் வரி (டி.சி.எஸ்.) 2025 ஏப்ரல் முதல் இல்லை. பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுப்போருக்கு கடன் வட்டிமீது வருமான வரிக் கழிவு எட்டு ஆண்டுகள் வரை உண்டு.

அடுத்து விண்ணப்பிக்கவிருப்போர் ஏ.பி.எஸ். சான்றிதழுக்கான (நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரப்படுவது) வேலையை முதலில் தொடங்குங்கள். அது இல்லாமல் மாணவர் விசா விண்ணப்பம் நகராது.