புதுப்பிப்பு: கிராங்க் ஷாஃப்ட் கிரீஸுக்கு மண்ணெண்ணெய் மட்டும் போதாது

பல வருசம் கிடங்கில் கிடந்த படகு டீசல் என்ஜின் கிராங்க் ஷாஃப்ட்டை (பிஸ்டன் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்தால் துருத்தடுப்பு கிரீஸ் போய்விடும் என்று முந்தைய இழையில் எழுதியிருந்தேன். அது பாதிதான் சரி. வெளிப்பக்கம் பளிச்சென்று ஆகும்; எண்ணெய் ஓடும் துளைக்குள் மெழுகாக உறைந்தது அசையாது. அப்படியே பூட்டினால் ஷாஃப்ட்டைத் தாங்கும் பேரிங்குக்கு எண்ணெய் போகாமல் கருகிவிடும்.

காஸ்மோலின் வகைத் துருத்தடுப்பு கிரீஸ் ஏறக்குறைய 45 முதல் 52 டிகிரி செல்சியஸில் இளகும். அதனால் முதலில் சூடு, பிறகே மண்ணெண்ணெய். கறுப்பு பிளாஸ்டிக் பையில் சுற்றி, தகரத் தட்டில் சாய்த்து, மொட்டை மாடியில் உச்சிவெயிலில் மூன்று நாலு மணி நேரம் வையுங்கள். தேன் மாதிரி வடியும். ஆடிச் சாரலில் இந்த வேலை நடக்காது, கொதிநீர்தான் வழி. நீரில் சலவை சோடா போடலாம். அலுமினியப் பாகத்துக்கு வேண்டவே வேண்டாம், அரித்துவிடும்.

துளையின் அடைப்புத் திருகைக் கழற்றி, நைலான் பிரஷ்ஷை உள்ளே விட்டு இழுங்கள். ஒரு முனையில் ஊற்றும் டீசல் மறுமுனையில் தடையில்லாமல் ஒழுக வேண்டும். பெட்ரோல் பக்கம் போகாதீர்கள், ஒரு பொறி போதும்.

குளச்சல், முட்டம் பக்கத்து ஆட்களுக்கு இன்னொன்று: கிரீஸ் போன இரும்பை உப்புக்காற்று சும்மா விடாது. வெறுங்கையால் தொட்ட இடத்தில் விரல் ரேகை அப்படியே சிவப்பாய்ப் பூக்கும். கொதிநீரிலிருந்து எடுத்த சூட்டிலேயே துடைத்து, ஈரம் காய்ந்ததும் என்ஜின் ஆயில் தடவிவிடுங்கள்.