நேம்ஸ்பேஸ்: பெயர்வெளியா, பெயர்க்களமா?

நூலகர்:
அனைவருக்கும் வணக்கம். மின்னூலகப் பட்டியலாளர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். 'நேம்ஸ்பேஸ்' என்ற சொல்லில் வண்டி நின்றுவிட்டது. நூல் விவரங்களைப் பதியும் டப்ளின் கோர் என்ற சொல்தொகுதியில் 'டைட்டில்' என்றால் நூலின் தலைப்பு. ஆட்களைப் பற்றிய ஃபோஃப் தொகுதியில் அதே 'டைட்டில்' பெயருக்கு முன்னால் வரும் திரு, முனைவர். முகவரி அட்டைக்கான விகார்டில் அது பதவி. மூன்றும் ஒரே பதிவில் வந்தால், எது யாருடைய 'டைட்டில்' என்று பிரித்துக் காட்டத்தான் நேம்ஸ்பேஸ். விக்கிப்பீடியாவில் 'பெயர்வெளி' என்கிறார்கள். அதையே எடுத்துக்கொள்ளலாமா?

புலவர்:
அம்மா, 'பெயர்' வினைப்பகுதியும்கூட. இடப்பெயர்ச்சி என்கிறோமே, அந்தப் பெயர். 'பெயர்வெளி'யை வினைத்தொகையாகப் பிரித்தால் பெயர்ந்த வெளி, பெயர்கின்ற வெளி, பெயரும் வெளி! 'வெளி'க்குப் புறம் என்ற பொருள் வேறு இருக்கிறது. 'பெயர்க்களம்' என்றால் இந்தத் தொல்லை இல்லை. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. நடுவில் 'க்' நிற்பதாலேயே இது பெயர்ச்சொல்லின் பெயர் என்று தெரிந்துவிடும்.

நிரலர்:
ஐயா, 'க்' அழகுதான். ஆனால் டொமைனை நாங்கள் ஆள்களம் என்கிறோம். நேம்ஸ்பேஸை அடையாளப்படுத்துவது பெரும்பாலும் ஓர் இணைய முகவரி. அதற்குள்ளேயே ஆள்களப் பெயர் உட்கார்ந்திருக்கும். "பெயர்க்களத்தின் முகவரியில் உள்ள ஆள்களப் பெயர்" என்று எழுதிப் பாருங்கள், படிப்பவர் ஓடிவிடுவார். இன்னொன்று, அந்த முகவரியைத் திறந்தால் பக்கம் ஏதும் வரவேண்டும் என்று கட்டாயமில்லை. தரவுகளைக் குறியிடும் மொழியான எக்ஸ்எம்எல்லின் பெயர்வெளிகளுக்காக 1999இல் வந்த பரிந்துரைப்படி அது வெறும் அடையாளம். எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால் ஒரே வெளி, அவ்வளவுதான்.

ஆசிரியை:
என் மாணவர்கள் 'நேம்ஸ்பேஸ்' என்றே சொல்கிறார்கள், புரிந்தும் கொள்கிறார்கள். அவர்கள் தடுமாறும் இடம் வேறு. டப்ளின் கோரின் 15 கூறுகளுக்கும் 2008இல் புதிய வெளியில் அதே பெயரில் இரட்டைகள் வந்தன. ஆக டப்ளின் கோருக்குள்ளேயே இரண்டு 'டைட்டில்'. எந்த வெளி என்று காட்டப் பெயருக்கு முன்னால் போடும் முன்னொட்டு ஒன்றுக்கு 'டிசி', இன்னொன்றுக்கு 'டிசிடெர்ம்ஸ்'. இதைச் சொல்லித்தருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. பெயர்க்களம் என்றால் என்ன போர்க்களமா என்று கேட்பார்கள்.

புலவர்:
முன்னொட்டா? ஒட்டு என்றால் சொல்லோடு ஒட்டிப் பொருளை மாற்றவேண்டும். 'டிசி'யை எடுத்துவிட்டு வேறு இரண்டு எழுத்தைப் போட்டு, அதே முகவரியோடு கட்டினாலும் பொருள் மாறாதே. அப்படியானால் அது இடுகுறி. 'முன்குறி' என்று சொல்லுங்கள்.

நிரலர்:
முன்குறி நல்ல சொல், வைத்துக்கொள்ளலாம். ஆனால் பெயரிடும் மரபைப் பற்றி யாரும் பேசவில்லையே? டப்ளின் கோரில் 'டைட்டில்' போன்ற பண்பின் பெயர் சிறிய எழுத்தில் தொடங்கும், பொருள்களின் வகையைச் சொல்லும் வகுப்பின் பெயர் பெரிய எழுத்தில். தமிழில் அந்த வேறுபாடே கிடையாது. சொற்களைச் சேர்த்து எழுதினால் புணர்ச்சி வந்து எழுத்தையே மாற்றும். பற்றாக்குறைக்கு 'கொ'வின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் குறியும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கும், கணினிக்கு இரண்டு வேறு பெயர். ஆகவே பெயர்கள் ரோமன் எழுத்தில் அப்படியே இருக்கட்டும், விளக்கத்தை மட்டும் தமிழில் கொடுங்கள்.

நூலகர்:
சரி, நாளை வெள்ளி. பெயர்வெளி, முன்குறி என்று போடுகிறேன். பண்புப் பெயர்களில் கை வைக்கவில்லை. ஆட்சேபம் இருந்தால் இன்றிரவுக்குள் எழுதுங்கள்.

ஆசிரியை:
சரி. முதல் முறை வரும்போது பக்கத்தில் 'நேம்ஸ்பேஸ்' என்றும் போட்டுவிடுங்கள்.

புலவர்:
எனக்கு உடன்பாடில்லை, அடிக்குறிப்பிலாவது பெயர்க்களம் வரட்டும். அப்புறம் அம்மா, கையேட்டின் அட்டையில் மெட்டாடேட்டாவுக்கு 'மீதரவு' என்று பார்த்தேன். மீ என்பதன் பின் வல்லினம் மிகுவதும் உண்டு. அந்தத் 'த்' எங்கே போயிற்று?