வேட்பாளர் குடித்த ஒரு மடக்கு நொய்யல்

நொய்யல் ஆற்றில், திருப்பூர்ச் சாயக்கழிவு வந்து தேங்கிய ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழேதான் எங்கள் தோட்டம். 2011 சட்டமன்றத் தேர்தலில் ஓட்டு கேட்டு வந்த வேட்பாளருக்கு, அப்பா எங்கள் கிணற்றுத் தண்ணீரைச் சொம்பில் மொண்டு கொடுத்தார். வெயிலில் அலைந்த மனுஷன், ஒரு மடக்கு உள்ளே போனதுமே முகம் கோணிவிட்டது. சுற்றி அத்தனை பேர் நிற்கும்போது துப்பவா முடியும்? விழுங்கிவிட்டு, "ஜெயிச்சதும் முதல் வேலை இதுதாங்க" என்றார். "போன தடவை வந்தவரும் இதையேதானுங்க சொன்னாரு" என்றார் அப்பா.

அதே வாரம் திருப்பூரில் மச்சான் வீட்டில் இருந்தேன். அவர் சாயப்பட்டறைத் தொழிலாளி. கழிவு ஆற்றில் கலக்கிறது என்று அந்த ஜனவரியில்தான் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொல்லியிருந்தது. எழுநூறுக்கும் மேல் மூடிக்கிடந்தன. அவருக்குச் சம்பளமில்லை, வாடகை பாக்கி வேறு. அந்தத் தெருவுக்கும் அதே கட்சிக்காரர்கள் வந்தார்கள். ஆற்றைப் பற்றிப் பேச்சே இல்லை, "பட்டறையைத் திறக்க வைப்போம்" என்பது மட்டும்தான். மச்சான் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பனியன் ஊரில் இருக்கும் ஓட்டு எங்கே, அணைக்குக் கீழே இருக்கும் எங்கள் ஓட்டு எங்கே!

தேர்தல் முடிந்து வந்த அரசு, கழிவை வெளியே விடாமல் சுத்திகரிக்கும் வசதிக்காகப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. நல்ல காரியம்தான். ஆனால் அப்பா கொடுத்த சொம்புத் தண்ணீரா அதைச் செய்தது? பட்டறைக்கு விழுந்த பூட்டுதான். ஆறு கெட்டால் நகரத்திலும் ஓட்டு போகும் என்ற நிலை அன்றைக்குத்தான் வந்தது.

⁂

மேலே எழுதியவர் அணைப் பக்கம், நான் கோவைப் பக்கம். இங்கே நொய்யலுக்குச் சாயத்தைவிடச் சாக்கடைதான் பெரிய தொல்லை. தேர்தல் நெருங்கினால் ஜேசிபி வந்து ஆகாயத்தாமரையை அள்ளும், பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். ஒரு முறை அங்கிருந்த கவுன்சிலரிடம், "அண்ணே, சாக்கடைக் குழாயைத் திருப்பாம இதை அள்ளி என்ன ஆகப்போகுது?" என்று கேட்டேன். "தம்பி, குழாய் மண்ணுக்குள்ள போயிரும், யார் கண்ணுக்குத் தெரியும்?" என்றார். ஒளிக்காமல் சொன்னாரே, அதுவரைக்கும் சரி. அடுத்த மழைக்குள் தாமரை பழையபடி மூடிவிட்டது.

⁂

முதலில் எழுதியவருக்கு: அந்தக் கிணறு இப்போது எப்படி இருக்கிறது?

⁂

தென்னைக்குப் பாய்ச்சுகிறோம். குடிக்கக் கேன் தண்ணீர்தான். சொம்பை அப்பா இன்னும் எடுத்து வைத்திருக்கிறார்.