லாகோஸ் அம்மையார் கேட்ட கேள்வி

கரூரிலிருந்து:
படுக்கை விரிப்பும் தலையணை உறையும் தைத்து இணையத்தில் விற்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நைஜீரியாவின் லாகோஸ் நகருக்கு ஒரே ஆர்டரில் 38,000 ரூபாய்ச் சரக்கு அனுப்பினேன். ஏழு வாரம் கழித்து சார்ஜ்பேக் வந்தது; அதாவது, அட்டைக்காரர் மறுத்ததால் வங்கி பணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அட்டைக்குச் சொந்தக்காரர் கனடாவில் இருக்கிறார். அவர் எதையும் வாங்கவில்லை. சரக்கும் போயிற்று, பணமும் போயிற்று, அதற்கு மேல் அபராதமும் கட்டினேன். ஆத்திரத்தில் அன்றிரவே நைஜீரியா முழுவதையும் தடை செய்துவிட்டேன்.

மூன்று மாதத்தில் ஒரு மின்னஞ்சல். லாகோஸில் சிறிய விடுதி நடத்தும் அம்மையார், என்னிடம் ஏற்கெனவே இருமுறை வாங்கியவர். எங்கள் நீலக்கட்ட விரிப்பு விரித்த கட்டிலைப் படமெடுத்து இணைத்திருந்தார். "அதே அட்டை, அதே முகவரி. என்னை ஏன் வெளியே நிறுத்தினீர்கள்?" என்று கேட்டிருந்தார். பதில் எழுதக் கை வரவில்லை. அந்த வாரமே அடுத்த மோசடியும் நடந்தது. இம்முறை அமெரிக்க அட்டை, அமெரிக்க முகவரி. ஊர்ப்பெயரை வைத்து ஆளை எடைபோட்டது என் தவறு.

தடையை எடுத்துவிட்டேன். இப்போது என் கடையில் வெளிநாட்டு அட்டைக்கு 3டி செக்யூர் என்ற சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியிருக்கிறேன். வாங்குபவரை அவருடைய வங்கியே உறுதி செய்துவிட்டால், பிறகு 'நான் வாங்கவில்லை' என்று வரும் இழப்பு பெரும்பாலும் அந்த வங்கியைச் சேரும். புதியவர் பெரிய ஆர்டர் கொடுத்தால் ஒருநாள் நிறுத்திவைத்துத் தொலைபேசியில் பேசுகிறேன். ஐந்து நிமிட வேலைதான்.

பாரிஸிலிருந்து:
ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 2018 டிசம்பர் 3 முதல், தக்க காரணமின்றி வாங்குபவரின் நாட்டைக் காட்டிப் பெரும்பாலான பொருள்களை விற்க மறுக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. என் பிரெஞ்சு அட்டையை ஜெர்மன் கடை ஏற்கிறது. யாழ்ப்பாணத்தில் இருக்கும் தங்கைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. தாதியர் தேர்வுக்காக ஒரு மின்னூல் வாங்க மூன்று முறை முயன்றாள்; மூன்று முறையும் 'உங்கள் நாட்டிலிருந்து ஏற்க இயலாது' என்றே வந்தது. பார்சல் கட்டி அனுப்ப வேண்டிய பொருள்கூட இல்லை! கடைசியில் நான் வாங்கி அனுப்பினேன். கணக்கில் பணம் இருந்தும் அண்ணனிடம் கேட்க வேண்டி வந்ததே என்றுதான் அவள் அழுதாள்.

கரூரிலிருந்து மீண்டும்:
உங்கள் தங்கையைப் பற்றிப் படித்த பிறகுதான் லாகோஸ் அம்மையாருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். நேற்றுப் பதில் வந்திருக்கிறது: பன்னிரண்டு தலையணை உறை, அதே நீலக்கட்டம்.