13எஃப் வைத்து டர்ன்ஓவர் போட்டபோது நடந்தது

13எஃப் என்பது பெரிய ஃபண்டுகள் காலாண்டுதோறும் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்திடம் தரும் கையிருப்புப் பட்டியல். ஒரு ஹெட்ஜ் ஃபண்டின் 2015 செப்டம்பர், டிசம்பர் 13எஃப் இரண்டையும் க்யூசிப் எண் (ஒவ்வொரு பங்குக்கும் உள்ள அடையாள எண்) வைத்துப் பொருத்தினேன். நிதானமானவர்கள் என்று பேர் எடுத்த ஃபண்ட், ஆனால் டர்ன்ஓவர் (கையிருப்பில் எவ்வளவை வாங்கி விற்று மாற்றினார்கள் என்ற கணக்கு) எக்கச்சக்கமாக வந்தது. கூகுளை மொத்தமாக விற்றுவிட்டார்கள் என்று நண்பருக்குச் சொன்னேன். மறுநாள் ஷீட்டைத் திறந்தால், 38259பி508 வரிசையில் பூஜ்யம். பத்து வரிசை தள்ளி 02079கே305, கடைசி இலக்கம் வரை அதே எண்ணிக்கை. அக்டோபரில் கூகுள் ஆல்ஃபபெட் ஆனதில் எண் மாறியிருக்கிறது, ஒரு பங்குகூட விற்கவில்லை. அதற்குள் நண்பர் தன் பங்கை விற்றிருந்தார்.

———

எனக்கு இதே மாதிரி என்விடியாவில் நடந்தது. 2024 ஜூனில் ஒரு பங்கைப் பத்தாகப் பிரித்ததைச் சரிசெய்யாமல் மார்ச் எண்ணிக்கையைக் கழித்துவிட்டேன். 60 சதவீதத்தை விற்ற ஃபண்ட், என் ஷீட்டில் நாலு மடங்கு ஏற்றியதாகப் பச்சையில் நின்றது.

———

முதலில் எழுதியவருக்கு: விற்கவில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? காலாண்டின் கடைசி நாள் கையிருப்புதான் 13எஃப்-இல் வரும். அக்டோபரில் விற்று டிசம்பரில் திரும்ப வாங்கினாலும் எண் அதேதான். நான் பார்த்த ஒரு ஃபண்ட், ஒரு பங்கில் நல்ல லாபம் என்று தன் கடிதத்தில் எழுதியிருந்தது. முன்னும் பின்னும் எந்த 13எஃப்-இலும் அந்தப் பெயரே இல்லை.

அதனால் வருகிற எண்ணைக் குறைந்தபட்ச டர்ன்ஓவர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வாங்கியது, விற்றது இரண்டில் எது சிறியதோ அதைச் சராசரி மதிப்பால் வகுங்கள். இரண்டையும் கூட்டினால் எண் ஊதிப்போகும். 2023 ஜனவரிக்கு முன் தாக்கலானவற்றில் மதிப்பு ஆயிரம் டாலர் கணக்கில், அப்புறம் முழு டாலரில். இதைக் கவனிக்காமல் யாரும் ஒப்பிட வேண்டாம். ஷார்ட் (விலை இறங்கும் என்று கடன் வாங்கி விற்ற பங்கு) வரவே வராது. புட் (குறித்த விலைக்கு விற்கும் உரிமை), கால் (வாங்கும் உரிமை) என்ற ஆப்ஷன் வரிசைகளைத் தனியாக வையுங்கள். அங்கே இருப்பது ஆப்ஷனுக்குக் கொடுத்த பணம் அல்ல, அதற்கு அடியில் உள்ள பங்கின் மதிப்பு.

———

அந்தப் புட் விஷயம்தான் எனக்கும். 2023 ஆகஸ்டில் முதலீட்டாளர் மைக்கேல் பரியின் சயான் நிறுவன 13எஃப் ஃபைலிங்கில் எஸ்பிஒய், க்யூக்யூக்யூ என்ற இரண்டு இண்டெக்ஸ் ஃபண்டுகளின் மீதான புட் இரண்டும் சேர்ந்து சுமார் 160 கோடி டாலர் என்று இருந்தது. அப்படியே டர்ன்ஓவரில் சேர்த்து, ஃபண்டே தலைகீழாக மாறிவிட்டது என்று முடிவுகட்டினேன். நவம்பர் ஃபைலிங்கில் இரண்டு வரிசையும் காணோம். விற்றாரா, காலாவதியானதா? 13எஃப்-இல் ஆப்ஷன் முடியும் தேதிக்குக் கட்டமே கிடையாது. அந்தக் காலாண்டை இன்னும் காலியாகத்தான் விட்டிருக்கிறேன்.