பெயருக்கு வலிமை இருக்கும் மிகுபுனைவு நாவல்கள்: அடுத்து எதைப் படிக்கலாம்?

வைகைக்கரை வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கல்லூரி நாட்களில் டோல்கீனின் ‘த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ வழியாக மிகுபுனைவுக்குள் வந்தவள் நான். அதன்பின் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் நாவல் வரிசையைத் தொடங்கி, 2011இல் வெளிவந்த ஐந்தாம் பாகத்தோடு நின்றுபோனேன். ஆறாம் பாகத்துக்காகக் காத்திருந்த காலத்தில் வேறு எந்தக் கதையிலும் மனம் முழுதாக ஒட்டவில்லை. ஆகவே, ஆசிரியர் எழுதி முடித்துவிட்ட கதைகளை மட்டுமே இனிக் கையில் எடுப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். படிக்கக் கிடைப்பது இரவில் ஒரு மணி நேரம்தான்.

சென்ற மாதம் உர்சுலா லெ குவினின் ‘எ விசர்ட் ஆஃப் எர்த்ஸீ’ படித்தேன். 1968இல் வந்த சிறிய நாவல். கான்ட் என்ற தீவில் தாயில்லாமல் வளரும் சிறுவன், ஆட்டைக் கூப்பிடப் பெரியம்மா சொல்லும் மந்திரச் சொற்களைப் பொருள் தெரியாமலே திருப்பிச் சொல்கிறான். ஆடுகள் சத்தமே இல்லாமல் வந்து, மஞ்சள் கண்களால் அவனையே பார்த்தபடி நிற்கின்றன. அவன் பயந்து ஓட, கண்ணுக்குத் தெரியாத கயிற்றால் சேர்த்துக் கட்டியதுபோல் அவையும் அவனை நெருக்கிக்கொண்டு ஊருக்குள் இறங்கி வருகின்றன. அந்த ஒரு பக்கத்திலேயே நான் சிக்கிவிட்டேன். பிற்பாடு ரோக் தீவின் மந்திரப் பள்ளியில், தனியே நிற்கும் ஒரு கோபுரத்தில் மாணவர்கள் பொருள்களின் மெய்ப்பெயர்களை மனப்பாடம் செய்கிறார்கள். ஒன்றின் மெய்ப்பெயரை அறிந்தவர் அதை ஆள முடியும். பட்டியலில் உள்ள மை நள்ளிரவில் மறைந்துவிடும், அதற்குள் கற்றுவிட வேண்டும். கெட் என்ற அந்தச் சிறுவனின் நண்பன் வெட்ச், பிரியும் வேளையில் தன் மெய்ப்பெயரை அவனிடம் சொல்லும் இடத்தில் கண் கலங்கியது. உயிரையே கையில் கொடுப்பதற்கு அது சமம் என்பது அதற்குள் நமக்குப் புரிந்திருக்கும்.

என் பாட்டி தாத்தாவின் பெயரைக் கடைசிவரை வாயால் சொன்னதில்லை. குடும்ப அட்டைக்காக விவரம் எழுத வந்தவர் கேட்டபோதுகூட, “மலைமேல நிக்கிற சாமி பேருதான்” என்று சொல்லிவிட்டு, திண்ணையில் இருந்த என்னைக் கூப்பிட்டு என் வாயால் சொல்ல வைத்தார். பெயரைச் சொல்வதில் ஏதோ இருக்கிறது என்பதை அன்று பார்த்தேன். லெ குவினிடம் அதை மறுபடியும் பார்த்தேன்.

என் கேள்வி இதுதான். பெயருக்கும் சொல்லுக்கும் இப்படி வலிமை உள்ள, முடிவு பெற்ற நாவல்கள் வேறு எவை? எர்த்ஸீ வரிசையில் முதல் மூன்று நூல்களே போதும் என்று தோழி ஒருத்தி சொன்னாள், அது சரியா? நீங்கள் இப்போது என்ன படிக்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தீவுகளின் தோழன் எழுதியது:

வணக்கம். உங்கள் தோழியின் கருத்தோடு என்னால் உடன்பட முடியவில்லை. காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

அடுத்து நீங்கள் எடுக்க வேண்டியது, 1971இல் வந்த ‘த டூம்ஸ் ஆஃப் அடுவான்’. முதல் நாவல் கடல், காற்று, படகு என்று விரிந்துகொண்டே போகும். இதுவோ ஏறத்தாழ முழுவதும் பாலைநிலத்துக் கோயில் ஒன்றிலும் அதன் அடியிலுள்ள சுரங்கப் பாதைகளிலும் நடக்கிறது. தொடக்கத்தில் மாலை வெளிச்சத்தில் பழத்தோட்டத்தில் ஓடும் சின்னப் பெண்ணை அவள் தாய் “தெனார்” என்று பெயர் சொல்லி வீட்டுக்கு அழைக்கிறாள். சில பக்கங்களுக்குள் அந்தப் பெயர் குழந்தையிடமிருந்து எடுக்கப்பட்டுவிடுகிறது. பெயரற்ற தெய்வங்களுக்கு அவள் பூசாரியாக வேண்டும், ஆகையால் அவளுக்கும் பெயர் கூடாது. அதன்பின் அவள் ‘அர்ஹா’, அதாவது ‘உண்ணப்பட்டவள்’. கல்லறைக்கு அடியில் விளக்கு ஏற்றவே கூடாது என்பது விதி. சுவரைத் தடவியும் திருப்பங்களை எண்ணியும் அந்த இருட்டை அவள் தன் வீடாக்கிக்கொள்கிறாள். இருட்டைத் தவிர வேறொன்றையும் கண்டிராத அந்த இடத்தில் ஒருநாள் வெளிச்சம் தெரிகிறது. அந்தப் பக்கத்தை முதன்முறை படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் எழுந்து நடந்தேன். இதற்குமேல் கதையைச் சொல்லமாட்டேன்.

மூன்றாம் நூலான ‘த ஃபார்தஸ்ட் ஷோர்’ 1972இல் வந்தது. அதன்பின் பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1990இல், லெ குவின் ‘தெஹானு’ எழுதினார். உங்கள் தோழியைப் போலப் பலரும் நின்றுவிடும் இடம் இது, ஏனென்றால் இதில் பெரிய மந்திரங்கள் கிடையாது. நடுவயது விதவை ஒருத்தி, தீயில் கருகிய குழந்தை ஒன்று, ஆற்றலை இழந்து திரும்பிய ஒரு மந்திரவாதி, கொஞ்சம் ஆடுகள், அவ்வளவுதான். ஆனால் முதல் நாவலிலேயே, பெண்களின் மந்திரம் வலுவற்றது, தீயது என்று கான்ட் தீவில் பழமொழி வழங்குவதாக வருகிறதே, நினைவிருக்கிறதா? ரோக் பள்ளியில் ஏன் ஒரு பெண்கூட இல்லை என்று அப்போது அவர் கேட்கவில்லை. தாம் கட்டிய உலகத்தின் அடித்தளத்திலேயே கோணல் இருந்ததை உணர்ந்து, அதை மறைக்காமல், அதே உலகத்துக்குள் திரும்பி வந்து அந்தக் கேள்வியை எழுப்பிய எழுத்தாளர் அவர். அந்த நேர்மைக்காகவே நான்காம் நூலை மற்றவற்றுக்கு மேலே வைக்கிறேன். 2001இல் வந்த ‘டேல்ஸ் ஃப்ரம் எர்த்ஸீ’ என்ற கதைத் தொகுப்பை முதலில் படித்துவிட்டு, அதே ஆண்டில் வந்த ‘தி அதர் விண்ட்’ நாவலுக்குப் போங்கள். தொகுப்பின் கடைசிக் கதைதான் அதற்கு வாசல்.

இன்னொன்று. கெட் செம்பழுப்பு நிறத்தவன், வெட்ச் கறுப்பன் என்று நூல் தெளிவாகச் சொல்கிறது. ஆயினும் பழைய அட்டைப்படங்கள் பலவற்றில் அவர்கள் வெளுத்துப்போயிருந்தார்கள். 2004இல் வந்த தொலைக்காட்சித் தொடரும் அப்படியே செய்தபோது லெ குவின் வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார். எனவே அட்டையை நம்பாமல் எழுத்தை நம்பி மனத்தில் முகங்களை வரைந்துகொள்ளுங்கள்.

அலைவீடு எழுதியது:

நான் இப்போது மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருப்பது சுசானா கிளார்க்கின் ‘பிரனேசி’. 2020இல் வெளிவந்து, அடுத்த ஆண்டு பெண் எழுத்தாளர்களுக்கான விமென்ஸ் ப்ரைஸ் பெற்றது. ஏறத்தாழ 250 பக்கங்கள், தொடர்ச்சி எதுவும் இல்லை, உங்கள் இரவு ஒரு மணி நேரத்துக்குப் பொருந்தும்.

முடிவே இல்லாத ஒரு மாளிகை, கூடம் கூடமாகச் சிலைகள், கீழ்த்தளத்தில் கடல், மேல்தளத்தில் மேகங்கள். அங்கே வாழும் மனிதன் நாட்குறிப்பு எழுதுகிறான். வாரத்தில் இரண்டு நாள் அவனைச் சந்திக்க வரும் ஒருவர் அவனைப் பிரனேசி என்று அழைக்கிறார். அது தன் பெயர் இல்லை என்று அவனுக்குத் தோன்றுகிறது. தன் பெயர் என்ன என்பதோ தெரியவில்லை. (கற்பனைச் சிறைகளைச் செதுக்கோவியங்களாகப் படைத்த 18ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கலைஞர் ஒருவருக்கும் இதே பெயர்.) கூடு கட்ட வந்த அல்பட்ராஸ் பறவைகளுக்கு, தான் குளிர்காலத்தில் எரிப்பதற்காக உலர்த்தி வைத்திருந்த கடற்பாசியில் ஒரு பகுதியை அவன் கொடுத்துவிடுகிறான். அதனால் தான் எத்தனை நாள் குளிரில் கிடக்க வேண்டிவரும் என்று கணக்குப் பார்த்த பிறகே கொடுக்கிறான். பெயர் போனபின்னும் ஒரு மனிதனிடம் என்ன மிஞ்சுகிறது என்பதற்கு அந்த இடத்தைவிட நல்ல விடை நான் படித்ததில்லை. பின்னட்டைக் குறிப்பைக்கூடப் படிக்காமல் தொடங்குங்கள்.

வடக்குத்தெரு வாசகன் எழுதியது:

கேள்வியைப் படித்தவுடன் என் நினைவுக்கு வந்தது கை கேவ்ரியல் கேயின் ‘டிகானா’. 1990இல் வந்த தனி நாவல். டோல்கீனின் மறைவுக்குப் பின், அவருடைய மகன் கிறிஸ்டோபர் ‘த சில்மரிலியன்’ நூலைத் தொகுத்தபோது உடனிருந்து உதவிய இளைஞர்தான் இந்த கே.

போர்க்களத்தில் மகனைப் பறிகொடுத்த ஒரு மந்திரவாதி மன்னன், தோற்ற நாட்டின்மேல் ஒரு மந்திரத்தை ஏவுகிறான். ஊர்களை இடித்ததும் மக்களைக் கொன்றதும் அவனுக்குப் போதவில்லை. அந்த நாட்டின் பெயரையே உலகத்தின் காதிலிருந்து எடுத்துவிடுகிறான். அங்கே பிறந்தவர்களைத் தவிர வேறு யாருக்கும் அந்தப் பெயர் காதில் விழாது. அவர்கள் உரக்கச் சொன்னாலும் கேட்பவருக்கு வெறும் ஓசையாகக்கூட நிற்காது. வீழ்ச்சிக்கு முன் பிறந்த அந்தத் தலைமுறை இறந்து முடியும் நாளில் பெயரும் முடிந்துபோகும். வரைபடத்தில் அந்த நாட்டுக்கு, அதன் பகைநாட்டின் பெயருக்கு முன்னால் ‘கீழ்’ என்று சேர்த்த ஒரு பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. நாவலின் மிகக் கொடிய காட்சி எது என்று கேட்டால் போரையோ கொலையையோ சொல்லமாட்டேன், அந்த வரைபடத்தைத்தான் சொல்வேன்.

அந்த மன்னனைக் கே வெறும் அரக்கனாகக் காட்டவில்லை. அவனும் இசையை ரசிக்கிறான், நேசிக்கிறான், மகனை நினைத்து உருகுகிறான். அவனைப் பழிவாங்கவென்றே வந்த பெண்ணும் அவனிடம் மனத்தைக் கொடுத்துவிட்டுத் தவிக்கிறாள். முதல் நூறு பக்கங்களில் பெயர்களும் நாடுகளும் நிறைய வந்து சற்றுத் தடுமாற வைக்கும் என்பதால், விடுமுறையில் தொடங்குவது நல்லது.

இருமொழியாள் எழுதியது:

இரண்டு மொழிகளில் வாழ்கிறவர்களுக்கு ஆர். எஃப். குவாங்கின் ‘பேபல்’ (2022) நாவலைப் பரிந்துரைக்கிறேன். களம் 1830களின் ஆக்ஸ்ஃபோர்டு. வெள்ளிக் கட்டியின் ஒரு பக்கத்தில் ஒரு மொழியின் சொல், மறுபக்கத்தில் இன்னொரு மொழியில் அதற்கு இணையான சொல். மொழிபெயர்க்கும்போது இடையில் நழுவிவிடும் பொருள் எதுவோ, அதை அந்த வெள்ளி நிகழ்த்திக் காட்டுகிறது. இரண்டு மொழிகளையும் உள்ளூர வாழ்ந்தவர் சொன்னால்தான் அது வேலை செய்யும். பிரிட்டிஷ் பேரரசின் கப்பல்களும் ஆலைகளும் இதனால்தான் ஓடுகின்றன என்பது கதை. சீனாவின் காண்டன் நகரிலிருந்து அழைத்துவரப்படும் சிறுவனிடம் ஆங்கிலப் பெயர் ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் சொல்கிறார்கள். அவன் தாய் வைத்த பெயர் கடைசிவரை வாசகருக்குச் சொல்லப்படுவதில்லை. மொழிபெயர்ப்பைத் தொழிலாகச் செய்கிறவள் என்பதால், தினமும் என் மேசையில் நழுவும் பொருளுக்கு ஒருவர் இப்படி உருவம் கொடுத்துவிட்டாரே என்று வியந்துகொண்டே படித்தேன்.

மலைப்பாதை எழுதியது:

‘பேபல்’ கருத்தளவில் அருமையானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காட்சியே சொல்லிவிட்டதை உரையாடல் மறுபடி சொல்கிறது, அடிக்குறிப்பு மூன்றாம் முறை சொல்கிறது. லெ குவினின் சிக்கனத்தில் மனம் பறிகொடுத்தவர் உடனே அதற்குப் போனால் ஏமாற்றம் அடையக்கூடும்.

நான் ராபின் ஹாபின் ‘அசாசின்ஸ் அப்ரென்டிஸ்’ (1995) நாவலைச் சொல்வேன். அந்த அரச குடும்பத்தில் வாய்மை, பொறுமை போன்ற பண்புகளையே பெயராக வைப்பார்கள். பெயர் உடம்பில் ஒட்ட வேண்டும் என்று முற்காலத்தில் பிறந்த குழந்தையைத் தீயினூடே கொண்டுபோய், உப்புநீரில் முக்கி, காற்றில் காட்டினார்கள் என்று முதல் அத்தியாயம் சொல்கிறது. அதே அத்தியாயத்தில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் கோட்டை வாசலில் ஒப்படைக்கப்படுகிறான். அவனைப் ‘பையன்’ என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். பிறகு அவனுக்குக் கிடைக்கும் ‘ஃபிட்ஸ்’ என்ற பெயரும் முறைதவறிப் பிறந்தவன் என்பதைக் குறிக்கும் ஒட்டுச்சொல்தான். மூன்று பாகங்களும் 1997க்குள் முடிந்துவிட்டன. அந்த உலகத்தில் மொத்தம் பதினாறு நாவல்கள் இருந்தாலும், இந்த மூன்றோடு நிறுத்தினாலும் ஒரு கதை நிறைவு பெறும். துயரம் மிகுந்தது என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

வைகைக்கரை வாசகி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ‘அடுவான்’ நாவலை மூன்று இரவுகளில் முடித்தேன். வெளிச்சம் தெரியும் அந்தப் பக்கம் வந்தபோது நான் அறை விளக்கை அணைத்துவிட்டுச் சிறிய விளக்கில் படித்துக்கொண்டிருந்தேன். நண்பர் எழுந்து நடந்தார்; நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். பெயர் அவளிடம் திரும்பி வரும் இடத்தை மறுநாள் காலை பன்னிரண்டு வயது மகளுக்கு வாசித்துக் காட்டினேன். இப்போது அவள் முதல் நூலைத் தொடங்கி, ஆடுகள் வரும் இடத்தைத் தாண்டிவிட்டாள். அடுத்தது எனக்குப் ‘பிரனேசி’, கோடை விடுமுறைக்கு ‘டிகானா’. ஒரே ஒரு ஐயம்: ‘தெஹானு’ நாவலை அவளிடமும் கொடுக்கலாமா?

தீவுகளின் தோழன் எழுதியது:

முதல் மூன்றையும் தயங்காமல் கொடுங்கள். ‘தெஹானு’ மட்டும் சில ஆண்டுகள் காத்திருக்கட்டும். அந்தக் குழந்தையைத் தீயில் தள்ளியவர்கள் அவளுடைய சொந்த மனிதர்கள். தீக்கு முன்பே அவளுக்கு நேர்ந்ததையும் ஆசிரியர் மறைக்கவில்லை. முதலில் நீங்கள் படியுங்கள், பிறகு எப்போது கொடுப்பது என்பது உங்களுக்கே தெரியும். மகளுக்கு இரண்டாம் நூலை நீங்களே உரக்கப் படித்துக் காட்ட முடியுமானால், “தெனார்” என்று தாய் அழைக்கும் அந்த முதல் பக்கத்தை விட்டுவிடாமல் அங்கிருந்தே தொடங்குங்கள்.